செவ்வாய்க்கிழமை வீடு

வாசல் கிரில்லில் யாரோ வளையலால் தட்டுகிற சத்தம் கேட்டது. மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் கடற்காற்று எந்நேரமும் எதையாவது ஆட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் காற்று என்றே நினைத்தேன். மறுபடியும் தட்டும் சத்தம் கேட்கவும் கரண்டியோடு போய்ப் பார்த்தேன்.

ரேவதி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு கையால் கிரில்லைப் பிடித்திருந்தாள். இடுப்பைச் சுற்றி வெள்ளைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். வளைகாப்புக்கு நாங்கள் போட்ட கண்ணாடி வளையல்களை இன்னும் கழற்றவில்லை. பத்து நாளைக்கு முன் பார்த்தபோது இருந்த வயிறு இல்லை. கையில் குழந்தையும் இல்லை.

"அக்கா, இன்னிக்கி செவ்வாக்கெழம தானே?"

"ஆமா."

"ஒங்க மொறை" என்றாள். "பசிக்கிதுக்கா."

அவளே செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த 'முறை' என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் என்னோடு இத்தனை வாரம் நடந்து வந்தவர்களுக்கு என் சுற்றுவழி பழகியிருக்கும்.

ஏழு வீட்டுப் பத்தியம்

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவர் ஆராய்ச்சி நிலையத்தின் பட்டறையில் டெக்னீசியன். கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் எங்களுடையது மூன்றாவது. பின்னால் சவுக்குத் தோப்பு. ஜன்னல் கம்பிகளுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலத்துக்குள் துரு எட்டிப் பார்க்கும். காலையில் பெருக்கிய கூடத்தில் மத்தியானம் மணல் நறநறக்கும்.

அந்த எட்டு வீட்டில் ஒருவருக்கும் அது சொந்த ஊர் இல்லை. நான் சங்கரன்கோவில். பக்கத்து வீட்டு டெய்சி நாகர்கோவில். அடுத்து கோயம்புத்தூர் சரோஜா. அப்புறம் மதுரை, தஞ்சாவூர், வேலூர் என்று ஆளுக்கொரு திசை.

என் மூத்த மகளை அம்மா வீட்டில்தான் பெற்றேன். இரண்டாவது பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்தாள். பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் சாதம் வடித்தார். அதைச் சாதம் என்று அவர்தான் சொன்னார்.

மறுநாள் டெய்சி ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். திறந்ததும் வீடெல்லாம் மிளகு வாசனை. "நல்லமிளகு கொழம்பு. பேசாம தின்னு" என்றாள். அதற்கு மறுநாள் சரோஜா செலவு ரசம் கொண்டு வந்தாள். செலவு என்றால் காசு இல்லை. கொங்குநாட்டில் சீரகம், மிளகு, திப்பிலி மாதிரிச் சாமான்களை அப்படிச் சொல்வார்கள். இப்படி ஆளுக்கொரு நாளாக வரத் தொடங்கியதை டெய்சிதான் கிழமை பிரித்து ஒழுங்கு செய்தாள். அவளுக்கு எதையும் வரிசைப்படுத்தாமல் இருக்க முடியாது. அவள் வீட்டுத் துணிக்கொடியில் சாக்ஸ்கூட ஜோடி ஜோடியாகத்தான் காயும்.

சாப்பாடு வந்ததோ இல்லையோ, சட்டமும் கூடவே வந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தேங்காய் ஆகாது என்றது ஒரு வீடு. தேங்காய் இல்லாமல் பால் எப்படி ஊறும் என்றது இன்னொரு வீடு. கத்திரிக்காய் தின்றால் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தோலில் கரப்பான் வரும் என்பதில் மட்டும் ஏழு வீடும் ஒன்று. அவர்கள் எல்லாரும் விலக்கியதைக் கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது பூண்டும் சோறும்தான். என்றாலும் அந்த நாற்பது நாள் சாப்பிட்ட மாதிரி என் ஆயுளில் சாப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு வரிசையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யாருக்கு ஆபரேஷன் என்றாலும் இந்த முறை தானாகத் தொடங்கிவிடும். திங்கள் டெய்சி, செவ்வாய் நான், புதன் சரோஜா, இப்படி. டெய்சி விதித்த நிபந்தனைகள் மூன்று. பதினொன்றரைக்குள் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்; உட்கார்ந்து கதை பேசக் கூடாது. முதல் நாள் பாத்திரத்தை அப்படியே எடுத்து வர வேண்டும்; பெற்றவள் கழுவித் தரக் கூடாது.

ஏரிக்கு அந்தப் பக்கம்

ரேவதி எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு வந்தபோது கல்யாணம் ஆகி ஆறு மாதம். அவள் புருஷன் குமரேசன் ஊழியர் பஸ் ஓட்டுகிறவன். மதுராந்தகம் ஏரிக்கு இந்தப் பக்கம் அவன் ஊர், அந்தப் பக்கம் அவள் ஊர். இரண்டு பேரும் வெவ்வேறு சாதி. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு ஊரிலிருந்தும் ஒருவரும் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம் அது.

சண்டை போடுகிறாளோ என்று தோன்றும்படி பேசுவாள். "இன்னாக்கா, சாம்பார்ல போய் இவ்ளோ தண்ணி ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று என் அடுப்படியிலேயே நின்று கேட்டவள். அவளை யாருக்கும் பிடிக்காமல் போகவில்லை.

வளைகாப்பை நாங்கள் ஏழு வீடும் சேர்ந்துதான் செய்தோம். அன்றைக்கே டெய்சி முறையைச் சொல்லிவிட்டாள். ரேவதி ஓடிப்போய்த் தன் அடுப்படியில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் கிழமையையும் பெயரையும் எழுதிக்கொண்டாள். 'திங்க - டெய்சி அக்கா. செவ்வா - வசந்தா அக்கா.' எழுதிவிட்டு, "நாப்பது நாளைக்கி அடுப்புக்கு லீவு" என்று சிரித்தாள். அவளுக்கு அம்மா இல்லை. இதை அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. குமரேசன் சொல்லித்தான் தெரியும்.

செங்கல்பட்டில் பிரசவம். ஆண் குழந்தை. இதயத்தில் பிறவிக் குறை என்றார்கள். டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது.

அடக்கத்துக்குக் குமரேசனோடு வரிசையிலிருந்து இரண்டு ஆண்கள் போனார்கள். ஒருவர் என் கணவர். திரும்பி வந்தவர் பின்கட்டுக் குழாயடியில் வெகுநேரம் குளித்தார். துண்டைப் பிழிந்துகொண்டே, "ரொம்ப லேசா இருந்துச்சு" என்றார்.

வழக்கம் இல்லாத வீடு

சனிக்கிழமை சாயங்காலம் ரேவதியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பெண்கள் சரோஜா வீட்டு வாசலில் கூடினோம்.

சாப்பாடு அனுப்பலாமா, வேண்டாமா?

கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்களுக்கு அன்று அது பெரிய கேள்வியாக இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு என்ன கொண்டு போக வேண்டும் என்று தெரியும். துட்டி விழுந்த வீட்டுக்கு என்ன கொண்டு போக வேண்டும் என்றும் தெரியும். ஒரே வாரத்தில் இரண்டும் நடந்த வீட்டுக்கு எங்கள் ஏழு ஊரில் ஒரு ஊரிலும் வழக்கம் இல்லை. பச்சைக் குழந்தைக்குக் காரியமும் கிடையாது, பதினாறும் கிடையாது.

"பூண்டுக் கொழம்ப எடுத்துட்டுப் போய் நின்னா அவளுக்கு எப்படியிருக்கும்?" என்றாள் சரோஜா. "பால் ஊறட்டும்னு சொல்ற மாதிரி ஆகாதுங்களா?"

"ரெண்டு நாள் போகட்டும்" என்றார் தஞ்சாவூர்க்காரர் மனைவி. எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. குமரேசன் பேக்கரிப் பொட்டலத்தோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையை இழுத்துவிட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம், பழக்க தோஷத்தில் கூடையிலிருந்து பூண்டை எடுத்து முறத்தில் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக மறுபடியும் கூடையிலேயே போட்டேன். நாளைக்கு என்ன கிழமை என்று எனக்குத் தெரியும். தெரியாதவளைப் போல இருந்துகொண்டேன்.

கத்திரிக்காய்

அந்தச் செவ்வாய்க்கிழமை உள்ளே வந்த ரேவதி, அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டு வைத்தேன். சோறு போட்ட பிறகுதான் குழம்பு ஞாபகம் வந்தது. கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு.

"கத்திரிக்காய்தான் வச்சிருக்கேன் ரேவதி. உனக்கு ஆகாது. இரு, வேற ஏதாவது…"

"போடுங்கக்கா" என்றாள். "கரப்பான் வரதுக்கு அங்க யாரு கீது?"

போட்டேன். சாப்பிட்டாள். நிமிராமல், வேகமாக, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. நான்தான் ரசத்தைக் கலக்கும் சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் என் மகன் விழித்துக்கொண்டான். எட்டு மாதப் பிள்ளை. பசி அழுகை. இந்தப் பிள்ளையை எங்கே கொண்டு போய் ஒளிப்பேன்?

ரேவதியின் கை தட்டில் நின்றது. அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து பரவுவதை நான் பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்தாள்.

"போயி தூக்குங்கக்கா. அழுவுது பாருங்க" என்றாள்.

தூக்கிக்கொண்டு வந்தபோது முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பிள்ளையின் காலை ஒரு விரலால் தொட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"இது நிக்கறதுக்கு இன்னா சாப்புடணும்க்கா? மாத்திரை குடுத்தாங்க. கல்லு மாரி வலிக்குது. பால் வரதுக்கு இன்னா துன்னணும்னு ஏழு பேரும் சொன்னீங்க. நிக்கறதுக்கு ஒருத்தரும் சொல்லல."

உண்மைதான். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ரைஸ் மில்லுக்கு ஒரு போன்

அவளை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அம்மா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து ரைஸ் மில்லுக்குப் போட்டு, ஆள் விட்டுக் கூப்பிடச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து மறுபடி போட வேண்டும். பூத்துக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். தாள் அசையவே இல்லை. காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"எம்மா, பால் நிக்கணும்னா என்ன செய்யணும்?" என்றேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

அம்மா போட்ட கூச்சல் பூத்துக்கு வெளியே கேட்டிருக்கும். "ஏட்டி! பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு? எங்கிட்ட எதையெல்லாம் மறைக்கீங்க?"

"பிள்ளை என் இடுப்புலதான் இருக்காம்மா. எனக்கில்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு."

அவன் குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்றாள். ரிசீவரை அவன் வாயருகே வைத்தேன். அவன் அதை நக்கினான். ஏதோ சத்தம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அம்மா மூச்சு விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்குன்னு தனிச் சமையல் ஒண்ணும் கிடையாதுட்டி. பூண்டு, சுறா, முருங்கைக்கீரைன்னு பால் கூட்டுறதை விட்டுரு. மாருல மல்லியப்பூ வச்சு இறுக்கிக் கட்டு. நாலஞ்சு நாள்ல அடங்கும். ஆனா வயித்துக்குக் குறை வைக்காத. பெத்த உடம்புல்லா அது?" பிறகு கேட்டாள்: "மூணு நாளா அவளுக்கு யாருட்டி சோறு போட்டா?"

லைன் கட்டான மாதிரி போனை வைத்துவிட்டேன். அம்மாவிடம் நான் சொன்ன பொய்களில், வாயைத் திறக்காமலே சொன்னது அது ஒன்றுதான்.

மார்க்கெட் வாசலில் பூக்காரி. திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வருகிறவள். மல்லிகைக் காலம், கூடை நிறைய இருந்தது. கட்டாத உதிரிப்பூவாகப் பாதிக்கூடை கேட்டேன். "இன்னாம்மா, வூட்ல விசேசமா?" என்றாள். ஆமாம் என்றேன். வாழையிலையில் மடித்துக் கொடுத்தாள். உதிரிப்பூ கேட்டவளுக்குத் தலையில் வைக்க ஒரு முழம் சேர்த்துப் போட்டாள்.

நேராக டெய்சி வீட்டுக்குப் போனேன். ரேவதி வந்து கேட்டதைச் சொன்னேன். டெய்சி அடுப்படிக்குப் போய் ஒரு தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தால் முதல் நாள் சோறும் குழம்பும் ஆடை படிந்து இருந்தன.

"நேத்து எனக்க முறையில்லியா? வச்சாச்சு. அவ வீட்டு வாசல் வரைக்கும் போனேன் வசந்தா. தட்டதுக்குக் கை வரல்ல. திரும்பி வந்துட்டேன்" என்றாள். அப்போதுதான் அவள் அழுது நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் போய் ரேவதிக்குப் பூ வைத்துக் கட்டினோம். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, ஒருத்தி பிடிக்க ஒருத்தி முடிந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் சாத்திய அந்த அறையில் மல்லிகை வாசனையும் பால் வாசனையும் கலந்து நின்றன. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் நான் தலையில் மல்லிகை வைக்கவில்லை.

சாப்பாடு போகவில்லை, அவள் வந்தாள்

"நாளையிலேந்து சாப்பாடு வந்துரும்" என்று டெய்சி சொன்னாள். ரேவதி தலையை ஆட்டி மறுத்தாள்.

"குடுத்தனுப்பாதீங்கக்கா. நானே வரேன். இங்க உக்காந்து துன்னா எறங்க மாட்டேங்குது. அந்தத் தூளிக் கொக்கியையே பாத்துகினு கீறேன்."

அப்படித்தான் எங்கள் முறை தலைகீழானது. வாசலோடு திரும்ப வேண்டும், உட்கார்ந்து பேசக் கூடாது என்ற டெய்சியின் சட்டமெல்லாம் போயிற்று. தினமும் பன்னிரண்டு மணிக்கு ரேவதி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அன்றைய கிழமைக்குரிய வீட்டுக்கு மெல்ல நடந்து வருவாள். உட்கார்ந்து சாப்பிடுவாள். சில நாள் பேசுவாள். சில நாள் பேச மாட்டாள். கூடவே உட்கார்ந்து நாங்களும் சாப்பிடுவோம். கணவர்களும் பிள்ளைகளும் போன பிறகு நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பழகியவர்கள் நாங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்து உட்கார்ந்தது அந்த நாற்பது நாளில்தான்.

குமரேசன் மட்டும் யார் வீட்டுக்குள்ளும் வர மாட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை ரேவதியை விட்டுவிட்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். "இல்லக்கா, கேன்டீன்ல சாப்ட்டேன்" என்றான். முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டவனாகத் தெரியவில்லை. என் கணவர் அன்று ஷிப்டு மாறி வீட்டில் இருந்தார். அதிகம் பேசாத மனுஷன். இரண்டு தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்கூட்டர் சீட்டில் ஒரு தட்டை வைத்துவிட்டு, மற்றதை நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கினார். குமரேசன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சீட்டில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டான். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் நின்று, வெயிலில், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். "அண்ணாத்த, கொஞ்சம் ரசம்" என்று குமரேசன் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்தது என்று எழுதிவிட ஆசை. ஆனால் அது உண்மையாக இராது.

சனிக்கிழமை முறை இருந்த வீட்டு அம்மாளின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். முதல் சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு ரேவதி என் வீட்டு வாசலில் நின்றாள். "அவுங்க வூட்ல ஆள் இல்லக்கா. எங்கியோ போயிருக்காங்க போல" என்றாள். அந்த வீட்டு மிக்சி ஓடும் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்த அம்மாளின் பயம் எனக்குப் புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் நிழல் தன் மகள் மேல் படக் கூடாது என்று நினைத்திருப்பாள். கெட்டவள் இல்லை. ஆனாலும் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. சனிக்கிழமையையும் நானே சேர்த்துச் சமைத்தேன், அவ்வளவுதான். என் தைரியத்தின் அளவு அது.

கேளம்பாக்கத்தில்

இந்த இடத்தில் இருபது வருடம் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய் வந்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் என் மகளுக்குக் கேளம்பாக்கத்தில், ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் குடித்தனம். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து, மடியில் கேரியரோடு போய் இறங்கினேன். கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசை நிறைய பிளாஸ்டிக் டப்பாக்கள். ஆபீஸ் தோழிகள் ஈமெயிலில் பட்டியல் போட்டு, ஆளுக்கொரு நாளாகச் சமைத்துக் கொண்டு வருகிறார்களாம். ஒரு பெண் பாஸ்தா கொண்டு வந்திருந்தாள். பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள்! நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அம்மா, இதுல பூண்டு நிறைய போட்டிருக்காம்மா. உனக்காகவே கேட்டுப் போடச் சொன்னேன்." மூடிக்கொண்டேன். பாஸ்தா நன்றாகவே இருந்தது.

ரேவதியும் குமரேசனும் வேறு வேலை கிடைத்துச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் குடிபோனார்கள். அந்த வீட்டில்தான் அடுத்தடுத்து இரண்டு பெண் குழந்தைகள். அவன் இப்போதும் பஸ்தான் ஓட்டுகிறான், ஒரு தொழிற்சாலைக்கு. மாதம் ஒருமுறையாவது போன் பேசுவாள். இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கக்கா. ரேவதின்னு பேரு வைங்க, எனக்கு அந்தப் பேரு புடிக்கும்" என்றாள். "ஆனா நா அழுதேன்னு எழுதிடாதீங்க. நா அழுவல. டெய்சிக்காதான் அழுதாங்க."

இன்னொரு நிபந்தனையும் போட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால், நான் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குப் போக வேண்டும்.

நாற்பது நாள் முடியும்போது

அன்று பூசணிக்காய்க் கூட்டு, ரசம், அப்பளம். ரேவதியின் உடம்பு தேறியிருந்தது. இடுப்புத் துண்டு இல்லை. கண்ணாடி வளையல்களும் இல்லை. எப்போது கழற்றினாள் என்று தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து தானே அடுப்புப் பற்ற வைக்கப்போவதாகச் சொன்னாள். என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை. தெருவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினாள்.

"அவனுக்குப் பேரு வச்சிருந்தோம்க்கா."

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த நாற்பது நாளில் ஏழு வீட்டில் ஒருத்திகூட இதைக் கேட்கவில்லை. மூன்று நாள் இருந்த பிள்ளைக்குப் பேர் இருந்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரி சீட்டுல 'ரேவதி குழந்தை'ன்னுதான் எழுதியிருக்கு. ஆனா நாங்க ரெண்டாம் நாளே வச்சிட்டோம். கண்ணாடிப் பெட்டியில இருந்தான். அவரு குனிஞ்சி மூணு தபா கூப்ட்டாரு."

பேரைச் சொன்னாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அவள் போட்ட நிபந்தனை அதுதான். "பொண்ணுங்க ரெண்டும் ஒங்க தொடர விடாம படிக்குதுங்க. அண்ணன் பேர அதுங்களுக்கு நாந்தான் சொல்லணும். புஸ்தகத்துல பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறாள்.

"நல்ல பேரு" என்றேன்.

"பேருன்னு வச்சா யாராச்சும் கூப்பிடணும் இல்லக்கா?" தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாங்க ரெண்டு பேருதான் கூப்ட்டோம். வேற யாரும் கூப்புடல. நீங்க ஒரு வாட்டி கூப்புடுங்க."

"எப்படிக் கூப்பிட?"

"ஒங்க பொண்ண சாப்புட எப்பிடி கூப்புடுவீங்க? அப்பிடி."

நான் கையைக் கழுவாமல் எழுந்தேன். வாசலுக்குப் போய்க் கிரில்லைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி தெருப்பக்கம் திரும்பி, விளையாட்டில் மூழ்கிய பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற அதே சத்தத்தில், அந்தப் பேரைச் சொல்லி, "சாப்பிட வாடா!" என்று கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் டெய்சியின் தலை தெரிந்தது.

"யாரைக் கூப்பிடுதே வசந்தா? யாரு பிள்ளை அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து ரேவதியின் குரல் வந்தது, வரிசை முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

"எம் புள்ளக்கா!"

டெய்சி ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். ரேவதி தட்டை என் பக்கமாக நகர்த்தினாள். மோருக்குக் கொஞ்சம் சோறு கேட்டாள்.